கிறீச்சிடும் பிரேக்குக்கு எண்ணெய் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டில் சத்தம் போடும் சாமான்களை எப்படி அடக்குவது என்று ஒரு பக்கம் வந்திருந்தது. கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய், மின்விசிறிக்கு ஒரு வழி, கட்டில் காலுக்கு ஒரு வழி என்று எல்லாம் உருப்படியாகவே இருந்தன. கட்டில் குறிப்பைச் செய்துகூடப் பார்த்தேன், பலித்தது. ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: கார் பிரேக் கிறீச்சிட்டால் சக்கர இடுக்கு வழியாகத் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விடவும், சத்தம் நின்றுவிடும்.

சத்தம் நிற்கும். வண்டிதான் நிற்காது.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் பக்கம் பிரேக் திரவத்தையே ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம். கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஏற்கெனவே ஆயில் இருக்கிற இடம்தானே, இன்னும் நாலு சொட்டு விட்டால் என்ன என்று தோன்றியிருக்கலாம். அந்த ‘ஆயில்’ எண்ணெய் ஜாதியே கிடையாது, கிளைக்கால் கலந்த வேறு திரவம். குழாய்க்குள் அடைபட்டிருந்து காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதோடு அதன் வேலை முடிந்தது. அதுவுமே டிஸ்க்கின் மேல், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டின் மேல், ஒரு சொட்டு படக்கூடாது. தையல் மெஷின் எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் 31 வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மெக்கானிக் இல்லை. ஆனால் சென்ற புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என் காரின் முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க்கையும் பேடையும் என் கையால் மாற்றினேன். அதற்குக் காரணமும் இதே கிறீச்சுதான். ஆகவே இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கடிதம் நீளும். இடம் இல்லையென்று வெட்டுவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், தலைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை கல்லிடைக்குறிச்சிக்கு அம்மாவைப் பார்க்கப் போவேன். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆவணியில் ஒரு நாள் இடது முன்சக்கரத்திலிருந்து ‘கீ’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அடுத்த வாரம் இன்னும் பலமாக. மூன்றாம் வாரம் அம்மா தார்சாவில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “ஏட்டி, ஒன் வண்டி தெருமுனையில திரும்புததுமே காப்பிய அடுப்புல வச்சிருதேன். அந்தக் கத்து கத்துது.” எனக்கும் சிரிப்புதான் வந்தது. அவளுக்கு 86 வயது, காது மட்டம். அவளுக்கே கேட்கிறது என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அந்தச் சத்தம் என்ன என்று சொல்கிறேன். பேடு என்பது ஒரு எஃகுத் தகடு, அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். காலிப்பர் என்ற பிடி இரண்டு பேடுகளையும் டிஸ்க்கின் இரு பக்கமும் வைத்து, நாம் பூரிக்கட்டையில் அப்பளத்தை அழுத்துவது மாதிரி இல்லாமல், இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறது. பேடின் தகட்டில் ஓரமாக ஒரு சின்ன எஃகு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உராய்வுப் பொருள் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த ஆரம்பிக்கும். கத்துவதற்காகவே செய்து வைத்த நாக்கு அது. பேடு முடியப்போகிறது, மாற்று என்று அது சொல்கிறது. உங்கள் குறிப்பு அதன் வாயில் எண்ணெயை ஊற்றச் சொல்கிறது.

எல்லாக் கிறீச்சும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் அந்தச் சத்தம் தானாகப் போய்விடும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாடம் பழகியது. போகாமல் நிற்கிற சத்தம்தான் நாக்கு. அதையும் விட்டுவிட்டால் ‘கரகர’ என்று இரும்பு இரும்பை அரைக்கும். அப்புறம் பேடோடு செலவு நிற்காது.

இந்த நேரத்தில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? பேடின் உராய்வுப் பொருளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தாலும் கழுவினாலும் முழுதாகப் போகாது, பேடைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதிலும் ஒரு சக்கரத்தில் மட்டும் எண்ணெய் விட்டால் அந்தச் சக்கரம் வழுக்கும், எதிர்ச் சக்கரம் பிடிக்கும். பிரேக்கை மிதித்ததும் வண்டி பிடிக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எதிரே லாரி வருகிற நேரமாக அது இருந்தால்?

வகுப்பில் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கு ஒன்று. ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். காரை நிறுத்தினால் அத்தனையும் வெப்பமாக வேண்டும். அந்த வெப்பம் ஏறக்குறைய அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு! அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் நாலு பேடுகள் தலையில்தான் விழுகிறது, ஏனென்றால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. இப்போது செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இறங்கி வருவதை நினைத்துப் பாருங்கள். பாரம் ஏற்றிய லாரி முன்னால், பேருந்து பின்னால், காலை எடுக்கவே முடியாத இறக்கம். எத்தனை அரை லிட்டர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே இரண்டாம் கியரில் இறங்க வேண்டும் என்பது வேறு விஷயம், அதையும் பாதிப் பேர் செய்வதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மா சொன்ன மறுநாளே ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேர் வேண்டாம். ஏழு மாதம் முன்பு அங்கேதான் சர்வீஸ் விட்டிருந்தேன். பில்லில் ‘பிரேக் சுத்தம் செய்து சரிபார்த்தது, 650 ரூபாய்’ என்று இருந்தது. பையன் ஒருவன் சக்கரத்தைக் கழற்றாமலே இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பேடு பாதிக்கு மேல இருக்கு மேடம், பயப்படாதீங்க” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சத்துக்கு எட்டுகிற வெளிப்பேடு உண்மையிலேயே பாதிக்கு மேல் இருந்தது. பின்னால்தான் தெரிந்தது, கோளாறு முழுக்க டார்ச் எட்டாத உள்பக்கத்தில் என்று.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தைக் கேட்டதுமே, “நாக்குதான் டீச்சர். அவுத்துப் பாத்துருவோம்” என்றார். “நீங்க வந்து செய்து தாங்க அண்ணாச்சி, கூலி தந்திருதேன்” என்றேன். “எனக்கு முட்டு மடங்காது. நான் நாற்காலியில இருந்து சொல்லுதேன், நீங்க செய்யுங்க. ஒங்களுக்கு நட்டு எந்தப் பக்கம் திருகணும்னு நான் சொல்லியா தரணும்?” அவ்வளவுதான் பேச்சு. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், நான் கோணிச் சாக்கில். காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம்.

முதலில் அவர் பேசியது பிரேக்கைப் பற்றியே இல்லை. வண்டி தலையில் விழாமல் இருப்பதைப் பற்றி. சமதளத் தரை, கியரில் போட்டு ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வேப்பமரக் கட்டை. கட்டையைப் பார்த்து நான் சிரித்ததும், “நெல்லையப்பர் தேருக்கே ஆனியில கட்டைதான டீச்சர் பிரேக்கு?” என்றார். அது சரிதான். ரத வீதியில் அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறவர்களின் கைதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அதாவது என் காரில் இருப்பதும் அந்தத் தேரில் இருப்பதும் ஒரே பாஸ்கல் விதி: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும்.

சக்கர நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கால் திருகு தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்தோம். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்க வைத்தோம், எல்லாம் சரிந்தாலும் அதன் மேல் நிற்கட்டும் என்று. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருத்தரும் கையைக்கூட உள்ளே விடக்கூடாது. செங்கல் அடுக்கி ஸ்டாண்டாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் நொறுங்கும்போது சொல்லிவிட்டு நொறுங்காது.

காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் உள்ளே கறுப்புத் தூள். ஊதப் போனேன். நாற்காலியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. பழைய பேடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும்; அது நுரையீரலுக்குப் புற்று கொண்டுவருகிற சாமான். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். டிப்போவில் காற்றுக் குழாயால் ஊதியே காலம் தள்ளியவர் அவர். “நாங்க தின்னது போதும் டீச்சர்” என்றார்.

பேடுகள் வெளியே வந்தன. இடது சக்கரத்தின் வெளிப்பேடு 6 மில்லிமீட்டர் இருந்தது. உள்பேடு ஒன்றரை. நாக்கு தேய்ந்து பளபளவென்று மின்னியது. ஒரே காலிப்பர் பிடித்த இரண்டு பேடுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? எங்கள் வண்டி மாதிரிச் சின்னக் கார்களில் காலிப்பரின் ஒரு பக்கம் மட்டும்தான் பிஸ்டன், அதாவது திரவம் தள்ளுகிற உருளை, உண்டு. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் 31 வருஷத்தில் எனக்குக் கிடைத்ததில்லை, படகையும் துப்பாக்கியையுமே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் ஒரு ஊசி காய்ந்து இறுகிப்போயிருந்தது. காலிப்பர் வழுக்கவில்லை, உள்பேடு மட்டும் உழைத்துத் தேய்ந்தது. ஏழு மாதம் முன்பு ‘சுத்தம் செய்து சரிபார்த்தவர்’ அந்த ஊசியை உருவிப் பார்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

ஆம், கிரீஸ்தான். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ‘டீச்சரே எண்ணெய் போடச் சொல்கிறாரே’ என்று யாராவது எழுதுவார்கள். ஊசிக்குப் போடுவது பிரேக்குக்கென்று தனியாக விற்கிற, சூடு தாங்கும் கிரீஸ். சாதாரணக் கிரீஸைப் போட்டால் ஊசியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை ஊதிப் பருத்து மறுபடியும் இறுகும். அந்த நல்ல கிரீஸும் ஊசியோடு நிற்க வேண்டும். பேடின் முகத்திலோ டிஸ்க்கின் முகத்திலோ விரல் ரேகை அளவுகூடப் படக்கூடாது.

அடுத்தது டிஸ்க். ஓரத்தில் நகம் இடறுகிற மாதிரி ஒரு வரம்பு நின்றது. பேடு படாத ஓரம் பழைய கனத்திலேயே நிற்க, பட்ட இடம் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. டிஸ்க்கின் நடுக்கிண்ணத்தில் குறைந்தபட்சக் கனம் 18 மில்லிமீட்டர் என்று வார்ப்பிலேயே போட்டிருந்தது. வெர்னியர் அளவியை வைத்தால் அதன் தாடை வரம்பில் இடித்து, வரம்பின் கனத்தைத்தான் காட்டும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்குள் போய்ப் பீரோவிலிருந்து என் திருகு அளவியை எடுத்து வந்தேன். ஓய்வு பெறும்போது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. அதன் முனைகள் சின்னவை, வரம்பைத் தாண்டிக் குழிக்குள் இறங்கும். மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். நாலு இடத்தில் அளந்தேன்: 17.61, 17.58, 17.64, 17.55. எல்லாமே 18க்குக் கீழே. சுழிப்பிழை (முனைகள் ஒட்டியிருக்கும்போதே அளவி சுழியைக் காட்டாத பிழை) பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கு, பார்த்தேன், இல்லை.

அண்ணாச்சி அந்தக் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிப்போவில் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவாராம். “கட்டைவிரல் என்ன சொல்லுது?” என்று கேட்டேன். தடவிப் பார்த்துவிட்டு, “மாத்தணும்” என்றார். இரண்டு கருவிகளும் ஒத்துப்போயின.

டிஸ்க்கும் பேடும் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடதுக்கு மட்டும் புதுசு என்பது கிடையாது. ஒன்றை மட்டும் மாற்றினால் எண்ணெய் விட்ட கதைதான், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் டிஸ்க் இரண்டும் பேடு ஒரு செட்டும் சேர்த்து 5,400 ரூபாய் ஆயின. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சென்னை பாடியிலுள்ள பிரேக்ஸ் இந்தியா. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962இல் தொடங்கியது. அந்த டி.வி.எஸ்ஸை நிறுவிய சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். நம்பி கோயிலுக்குப் போகிறவர்கள் பல பேருக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன், விளம்பரம் இல்லை.

பழைய டிஸ்க் வரமாட்டேன் என்றது. நடுவில் துரு பிடித்துச் சக்கரக் குடத்தோடு ஒட்டிக்கொண்டு, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினாலும் அசையவில்லை. பத்து நிமிஷம் என்னைத் தட்ட விட்டார் அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம், “அந்த ரெண்டு ஓட்டையப் பாத்தியளா டீச்சர்?” என்றார். டிஸ்க்கின் கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு மரை போட்ட ஓட்டைகள் இருந்தன. இவ்வளவு நேரம் அவற்றின் மேல்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் 8 மில்லி போல்ட்டு இரண்டைக் கொடுத்து, இதில் கால் திருகு, அதில் கால் திருகு என்று மாற்றி மாற்றி இறுக்கினால் போல்ட்டின் நுனி குடத்தை முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும். ஆறாவது முறையா ஏழாவது முறையா தெரியாது, ‘டொக்’ என்று ஒரு சத்தம். டிஸ்க் கையோடு வந்துவிட்டது. ஒரு சாய்தளம், அதைச் சுருட்டினால் திருகு என்று நடத்துவேன். அந்த ‘டொக்’கைக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக நடத்தியிருப்பேன்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி” என்றேன். “சொல்லியிருந்தா மறந்திருவிய” என்றார். வாத்தியார் வேலை எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

காலிப்பரைக் கழற்றிய பிறகு அதைக் கீழே தொங்கவிட்டேன். அதற்கும் அதட்டல். ரப்பர் ஹோஸ் அந்தப் பாரத்தைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. வெளியே தெரியாமல் உள்ளே விட்டுப்போகும். கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தூக்கி வைத்தோம். சக்கரக் குடத்தின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தேன். அங்கே ஒரு துருச்செதில் நின்றால் புது டிஸ்க் இம்மியளவு கோணி உட்காரும், வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள். அந்த மெல்லிய பூச்சையே பிரேக் கிளீனர் அடித்து, சுத்தமான துணியால் துடைத்து எடுத்த பிறகுதான் மாட்டவே வேண்டும். கம்பெனி போட்ட எண்ணெயையே துடைக்கிறோம், உங்கள் பக்கம் புதிதாக விடச் சொல்கிறது.

புதுப் பேடு கனமானது, ஆகவே வெளியே வந்து நிற்கிற பிஸ்டனை உள்ளே தள்ளி இடம் பண்ண வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்கினேன். “பானட்டப் பாருங்க” என்றார் அண்ணாச்சி. எழுந்து போய்ப் பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் திரவம் ஒரு விரல் ஏறியிருந்தது. காலிப்பர் பிஸ்டனின் விட்டம் பெடல் தள்ளுகிற பிஸ்டனைவிட இரண்டரை மடங்கு என்றால் பரப்பு ஆறேகால் மடங்கு. விசையும் அவ்வளவு பெருகும். கரும்பலகையில் எத்தனை தடவை படம் போட்டிருப்பேன், பாஸ்கல் எனக்குக் கண் முன்னால் ஏறி வந்தது அன்றைக்குத்தான். திரவம் நிரம்பி வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்து வைப்பது நல்லது. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழியை மிதித்தால் அமுங்கும், பெடல் பஞ்சாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான்.

மாட்டும்போது நான் ஒரு தப்புச் செய்தேன். நாக்கு வைத்த பேடு என் வண்டியில் உள்பக்கம் வர வேண்டும், வெளியே மாட்டிவிட்டேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. காலிப்பரை இறக்கினால் உட்காரவில்லை. கழற்றி, பழைய பேடோடு வைத்துப் பார்த்து, நானே கண்டுபிடித்தேன். மற்றது எல்லாம் கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டதுதான். சக்கர நட்டுக்கு என் மேனுவலில் 100 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. அரை மீட்டர்க் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்குகிற இறுக்கம். அதற்கு மேல் ஏறி நின்று மிதிப்பது பலம் காட்டுகிற வேலை. வலது சக்கரம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இடதுக்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வேலை முடிந்து சாவியைத் தேடினால் காணவில்லை. அண்ணாச்சி சட்டைப்பையில் இருந்தது. “பெடலு கெட்டியான பொறவு தாரேன்” என்றார். உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. என் வயிறு கலங்கிவிட்டது. பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம் இல்லையா, அது மறுபடியும் பேடைத் தொடும் வரைக்கும் பிரேக் என்று ஒன்று கிடையாது. இரண்டு, மூன்று, நாலு என்று மிதிக்க மிதிக்க ஏறி, ஏழாவது மிதியில் கல்லாக நின்றது. இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தவர் சுவரில்தான் நிற்பார். வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கே.டி.சி. நகர் தாண்டித் தூத்துக்குடி நாலுவழிச் சாலை. பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, 60லிருந்து 20க்குப் பத்து தடவை மிதமாகப் பிடித்தேன், நடுநடுவே ஆறவிட்டு, எங்கேயும் முழுதாக நிற்காமல். பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படிந்தால்தான் இரண்டும் பழகும். அந்த வாரம் கல்லிடைக்குறிச்சிக்குப் போனபோது அம்மா காப்பி போட்டிருக்கவில்லை. “எப்பட்டி வந்த?” என்றாள்.

எல்லாரும் கோணிச் சாக்கை விரித்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் தெரிந்தவர் ஒருத்தர் இல்லாமல் முதல் தடவை செய்யவே வேண்டாம். ஆனால் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், அந்தச் சக்கரத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறோமா? வொர்க்‌ஷாப்பில் விட்டாலும் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி உள்பேடைக் காட்டச் சொல்லலாம். பேடு எத்தனை மில்லி, டிஸ்க் எத்தனை மில்லி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். ‘சரிபார்த்தது’ என்ற வார்த்தையை எந்த அளவியாலும் அளக்க முடியாது.

உங்களிடம் நான் கேட்பது ஒரு திருத்தம். வரும் ஞாயிறு அதே இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். ஆறாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட்டால் குறிப்பைப் படித்தவர்கள் கண்ணில் படாது.

குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே எண்ணெய் விட்டவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு: வண்டியை எடுக்காதீர்கள், மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பேடோடு எதிர்ச் சக்கரத்துப் பேடையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிஸ்க்கின் கனம் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்தால் போதும், அதை மாற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
மகாராஜ நகர், பாளையங்கோட்டை.

பி.கு.: பழைய டிஸ்க்குகளில் ஒன்றை எங்கள் பள்ளி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் திருகு அளவியால் அதை அளக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் 17.57 என்று எழுதியிருந்தாள். என் நாலு அளவுகளோடு ஒத்துப்போகிறது.